ஜெயரூபியின் அம்புக்குறி

ஜெயரூபி செய்தது மனிதக் கை செய்த வேலையே இல்லை என்று முதலில் சொன்னது ஒரு கணினி. அதை நம்பியவர்கள் மனிதர்கள். கணினியை அவள் மன்னித்துவிட்டாள். மற்றவர்களை மன்னிக்கக் கொஞ்ச நாள் எடுத்தது.

கிளிநொச்சியில் பெருந்தெருவை விட்டுச் சற்று உள்ளே போனால் ஓர் உரக்கடை வரும். அதன் மேல்மாடியில் குகதாசன் என்பவர் ஓர் அலுவலகம் நடத்தினார். பெயர்ப்பலகை கிடையாது, உரக்கடைப் பலகைதான் இதற்கும் அடையாளம். மேலே ஏறிப் பார்த்தால், பத்துப் பன்னிரண்டு பேர் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து நாள் முழுக்க மவுஸை அசைத்துக்கொண்டிருப்பார்கள். அதுதான் அவர்களுடைய வேலை. ஊர்ச்சனத்துக்கு இதை விளங்கப்படுத்துவது வீண்பாடு. 'எலி மேய்க்கப் போகினம்' என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போவார்கள்.

வேலை என்னவோ உண்மையானதுதான். வெளிநாட்டு நிறுவனம் ஒன்று கணினியைத் தானே இயக்கும் செயற்கை நுண்ணறிவு ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தது. வாயால் சொன்னால் போதும்: எனக்குப் பஸ்ஸில் ஓர் இருக்கை பதிவு செய், இந்தப் படத்தை இன்னாருக்கு அனுப்பு. திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்து, உரிய பொத்தானை அமுக்கி, காரியத்தை முடித்துவிடும். ஆனால் அம்புக்குறி எப்படிப் போக வேண்டும் என்று அதற்கு யாராவது காட்டிக்கொடுக்க வேண்டுமே. மனிதக் கை எங்கே விரையும், எங்கே தயங்கும், எங்கே குறி தப்பிப் போய்த் திரும்பி வரும் என்றெல்லாம் அது பார்த்துப் பழக வேண்டும். குகதாசனின் ஆட்கள் சொன்ன வேலையைச் செய்ய, அவர்களுடைய அம்புக்குறி போன வழி முழுவதும் பதிவாகி அங்கே போனது.

வேறு ஊர்களில் சில கெட்டிக்காரர்கள் தாங்கள் சும்மா இருந்துகொண்டு, அம்புக்குறியை நகர்த்துவதற்கு ஒரு புரோகிராம் எழுதிப் போட்டுவிட்டார்களாம். இயந்திரத்துக்குப் படிப்பிக்க இன்னோர் இயந்திரம்! அது வெளிப்பட்ட பிறகு நிறுவனம் ஒரு சோதனையை வைத்தது. வருகிற பதிவுகளை ஒரு மென்பொருள் பார்த்து, இது கை, இது புரோகிராம் என்று பிரித்துப் போடும். கை என்றால் பச்சை. புரோகிராம் என்றால் சிவப்பு.

ஜெயரூபி துணுக்காயில் பிறந்தவள். இரணைமடுக் குளத்தில் மீன் பிடிக்கும் ரஜிதனுக்கு வாழ்க்கைப்பட்டுக் குளத்தருகே குடியிருந்தாள். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. இந்த வேலைக்கு வருமுன் அவள் கண்ணிவெடி அகற்றும் பிரிவில் இருந்தாள். முகமாலை வெளியிலும் ஒட்டுசுட்டான் பக்கத்துக் காட்டோரங்களிலும் வெயிலில் முழங்காலிட்டு, முகத்தை மூடிய கவசத்துக்குள் வியர்த்து வழிய, மண்ணைச் சிறிது சிறிதாக வாரி எடுத்த பெண்களில் ஒருத்தி. அந்தப் பிரிவில் வேலை குறைந்து ஆட்களை நிறுத்தியபோது, வேலை இழந்தவர்களுக்குக் கணினி வகுப்பு வைத்தார்கள். அப்படித்தான் மவுஸ் அவள் கைக்கு வந்தது.

வெடி எடுக்கும் இடத்தில் ஓர் ஆளுக்கு ஒரு பாதை. முழங்காலிட்டுப் போகிற அகலந்தான் இருக்கும். இடது ஓரத்தில் தொடங்கி வலது ஓரம் வரை மண்ணைப் பார்க்க வேண்டும். பிறகு ஒரு சாண் முன்னே நகர்ந்து, மறுபடி இடது ஓரத்திலிருந்து. பார்த்து முடித்த மண்ணில் மட்டும்தான் காலோ கையோ படலாம். தாகம் தொண்டையைப் பிடித்தாலும், தண்ணீர்ப் போத்தல் கண்ணுக்கு முன்னால் நின்றாலும், குறுக்கே போகக் கூடாது. வந்த வழியே திரும்பிச் சுற்றிப் போய்த்தான் குடிக்க வேண்டும். புதிதாக வந்தவர்களுக்கு முதலில் இது எரிச்சலாக இருக்கும். பிறகு அதுவே உடம்பில் ஊறிவிடும். ஜெயரூபிக்கு ஊறியது கொஞ்ச நஞ்சமல்ல. அவள் முற்றம் கூட்டினால்கூட ஓரத்தில் தொடங்கி ஓரத்தில்தான் முடிப்பாள். "நீ கூட்டி முடிக்கிறதுக்குள்ள அடுத்த சருகு விழுந்திடும்" என்று ரஜிதன் பகிடி பண்ணுவான்.

திரையில் கீழ் மூலையில் நிற்கும் அம்புக்குறியை மேலே உள்ள பொத்தானுக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால், மற்றவர்கள் ஒரே இழுவையில் குறுக்காக இழுப்பார்கள். ஜெயரூபி முதலில் ஓரத்துக்குப் போவாள். ஓரத்தோடு நேரே மேலே போவாள். பிறகு அங்கிருந்து நேரே வந்து பொத்தானில் நிற்பாள். வேகம் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. தன் கை இப்படிப் போகிறது என்பது அவளுக்கே தெரியாது. நாம் நடக்கும்போது எந்தக் காலை முதலில் வைக்கிறோம் என்று யாருக்குத் தெரியும்?

ஒரு நாள் குகதாசன் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"ஜெயரூபி, கதவைச் சாத்திப்போட்டு இருங்கோ."

திரையை அவள் பக்கம் திருப்பினார். அவளுடைய பெயருக்கு நேரே, மேலிருந்து கீழ்வரை ஒரே சிவப்பு.

"இதென்ன சேர்?"

"அவங்கள் சொல்லுறாங்கள், இது கை செய்த வேலை இல்லையாம். புரோகிராம் போட்டு ஓட்டினதாம்."

"ஆர் போட்டது?"

"அதைத்தான் நான் உங்களிட்டக் கேக்கிறன்."

கேள்வி விளங்க அவளுக்குச் சற்று நேரம் எடுத்தது. விளங்கியதும் முகம் கறுத்துவிட்டது.

"எனக்கு அந்தப் புரோகிராம் எழுதத் தெரிஞ்சிருந்தா, நான் ஏன் சேர் உங்களிட்ட வேலைக்கு வாறன்?"

குகதாசன் கெட்ட மனிதரல்ல. ஆனால் பயந்த மனிதர். இந்த ஒப்பந்தம் கைவிட்டுப் போனால் மேல்மாடியில் இருக்கும் அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்ற பயம் அவருக்கு எப்போதும் உண்டு. "கோவிக்காதேங்கோ. நான் உங்களை நம்பாமல் இல்லை. ஆனா என்ர நம்பிக்கையை அவங்கள் கேக்கேல்லயே. கொழும்பில இருந்து நிரஞ்சன் எண்டு ஒருத்தர் வாறார், அவங்கட ஆள். உங்களை முன்னால இருத்திப் பாக்கப் போறாராம். அதுவரைக்கும் நீங்கள் வேலை ஒண்டும் செய்யவேண்டாம். வந்து சும்மா இருங்கோ."

அவள் மாடிப்படி இறங்குமுன்னே செய்தி இறங்கிவிட்டது. உரக்கடைப் பெடியன்கூட ஒரு மாதிரிப் பார்த்தான். அன்று வீட்டில் அவள் நடந்ததைச் சொல்ல, ரஜிதன் வலையைச் சிக்கெடுத்தபடி சிரித்தான்.

"நீ மெசின் எண்டு எனக்குக் கலியாணம் கட்டின அண்டைக்கே தெரியுமே!"

அவள் சிரிக்கவில்லை. குசினிக்குள் போய் அடுப்படியில் இருந்து சத்தமில்லாமல் அழுதாள். ரஜிதன் வலையைப் போட்டுவிட்டு உள்ளே வந்தான்.

"பகிடிக்குத்தானே சொன்னனான்."

"நான் பாத்து முடிஞ்சுது எண்டு சொன்ன காணிக்குள்ள சனம் பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு போய்க் குடியிருந்தது. ஒருத்தரும் என்னை ஒரு கேள்வி கேக்கேல்ல. இந்தக் கையைத்தான் நம்பினவை. இப்ப மவுஸ் ஆட்டுறதில நான் கள்ளியாம்."

அதற்குமேல் ரஜிதனுக்குப் பகிடி வரவில்லை. அவளுக்கு வேண்டியிருந்தது வேறொன்றுமல்ல. இது உன் கைதான், நீ பொய் செய்யவில்லை என்று, கள்ளி என்று சொன்ன வாயே திருப்பிச் சொல்ல வேண்டும்.

சும்மா இருப்பது எவ்வளவு பாரமான வேலை என்று அந்த நாட்களில்தான் அவளுக்குத் தெரிந்தது. அணைத்துவைத்த கணினிக்கு முன்னால் கைகளைக் கட்டிக்கொண்டு இருந்தாள். பக்கத்துக் கதிரை பிரேமிளாவுடையது. பாட்டன் காலத்தில் மலையகத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பம் அவளுடையது. தாய் மீனம்மாவுக்குச் சிறுநீரக வருத்தம். வவுனியா ஆஸ்பத்திரியில் தாயோடு விழித்திருந்துவிட்டு, விடிய பஸ் பிடித்து நேரே வேலைக்கு வருவாள் பிரேமிளா. தலை வாராமல் வந்த நாளும் உண்டு. அப்படியிருந்தும் அந்த அலுவலகத்தில் அவளுடைய பதிவுகள்தான் எப்போதும் முழுப் பச்சை. குகதாசன் எல்லாருக்கும் அவளைத்தான் உதாரணம் காட்டுவார்.

ஒரு மத்தியானம் ஜெயரூபி தற்செயலாகத் திரும்பினாள். பிரேமிளா சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள். இரண்டு கையும் மடியில் கிடந்தன. திரையில் அம்புக்குறி போய்க்கொண்டிருந்தது. பொத்தானைத் தாண்டிச் சிறிது தூரம் போனது. தவறிவிட்டதென்று தெரிந்ததுபோல நின்றது. மெல்லத் திரும்பி வந்து அமுக்கியது. பார்த்தால் யாரும் கை என்றுதான் சொல்வார்கள்.

ஜெயரூபி அசையாமல் அதையே பார்த்தாள். மண்ணுக்குள் வெடியின் தகடு தெரிந்தாலும் முதலில் அப்படித்தான் செய்வாள். அவள் பிரேமிளாவின் தோளைத் தொட்டாள். பிரேமிளா திடுக்கிட்டு விழித்து, முதலில் திரையையும் பிறகு ஜெயரூபியையும் பார்த்தாள்.

"அக்கா, சொல்லிப்போடாதேங்கோ." பிரேமிளா மெல்லிய குரலில் கெஞ்சினாள். "தம்பி எழுதித் தந்தவன். அம்மாவோட முழிச்சிருந்துபோட்டு வர, கண் திறக்க ஏலாமல் கிடக்கு. கொஞ்ச நாளைக்கு எண்டுதான் தொடங்கினனான்."

"எவ்வளவு நாளாச்சு?"

பிரேமிளா இன்னும் நெருங்கி வந்து, "உங்கட கணினியிலயும் போட்டுத் தாறன் அக்கா. ஒண்டும் சிவக்காது. நிரஞ்சன் வந்து போன பிறகு ஓட விடுங்கோ. உங்களுக்கும் கரைச்சல் இல்லை" என்றாள்.

வந்த கோபத்தில் ஜெயரூபிக்கு அவளை அறைந்தால் என்ன என்றிருந்தது. கையால் செய்தவள் கள்ளி. கையை மடியில் வைத்திருந்தவள் உதாரணம். ஆனால் அந்த முகத்தைப் பார்க்க, கண்ணுக்குக் கீழே விழுந்திருந்த கருமையைப் பார்க்க, கையைத் தூக்க மனம் வரவில்லை.

"எனக்கு வேண்டாம். உதை நிப்பாட்டு. நிப்பாட்டிப்போட்டு நீயாப் போய்ச் சேரிட்டச் சொல்லு."

"சொன்னா என்னை விட்டிடுவினம் அக்கா."

"அப்ப என்னை விட்டாப் பரவாயில்லையோ?"

பிரேமிளா அழத் தொடங்கினாள். ஜெயரூபி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெடி எடுக்கும் வேலையில் ஒரு விதி இருந்தது: கண்டால் கையை உயர்த்திக் கூப்பிட வேண்டும். கண்டும் பேசாமல் இருந்தால் பின்னால் வருகிறவன் மிதிப்பான். அந்த விதியை ஜெயரூபி ஒரு நாளும் மீறியதில்லை. இப்போது கையை உயர்த்தினால் தன் பெயரில் பட்ட கறை போய்விடும் என்றும் தெரியும். பிரேமிளாவின் வீட்டு அடுப்பு அணைந்துவிடும் என்றும் தெரியும். நிரஞ்சன் வரும்வரை அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நிரஞ்சன் காலை ரயிலில் வந்து இறங்கினான். முப்பது வயதிருக்கும், மரியாதையான ஆள். எல்லாரும் சுற்றி நிற்க, ஜெயரூபியின் கைக்கு மேலே ஒரு கமராவைப் பூட்டி, ஒரு வேலையைக் கொடுத்தான். வைத்தியரைப் பார்ப்பதற்கு ஒரு பக்கத்தில் நாள் மாற்ற வேண்டும். ஜெயரூபி மாற்றினாள். சோதிக்கும் மென்பொருள் யோசித்துவிட்டுச் சிவப்பைக் காட்டியது.

நிரஞ்சன் கையைப் பார்த்தான், திரையைப் பார்த்தான். இன்னொரு வேலை கொடுத்தான். மறுபடி சிவப்பு. தானே மவுஸை வாங்கி அதே வேலையைச் செய்தான். பச்சை. அவள் செய்தாள். சிவப்பு. அவனுக்கு வெட்கத்தில் சிரிப்பு வந்துவிட்டது. "அக்கா, நீங்க ஏன் இப்படிப் போறீங்க?"

"எப்பிடிப் போறன்?"

அம்புக்குறி போன வழியை அவன் கோடாக வரைந்து காட்டினான். ஜெயரூபி அதை இப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தாள். ஓரத்தோடு ஒரு கோடு. திரும்பி நேரே ஒரு கோடு. எங்கும் குறுக்கே போகவில்லை. சாய்ந்திருந்தவள் நிமிர்ந்து, திரைக்குக் கிட்டப் போனாள்.

"ஐயோ, இது பாதை" என்றாள்.

பிறகு விளங்கப்படுத்தினாள். முழங்காலில் நின்ற வருஷங்களை, ஓரத்தை, சாணை, தண்ணீர்ப் போத்தலை. அங்கே நின்றவர்களில் யாருக்கும் இது புதுக்கதை அல்ல; ஒவ்வொருவர் வீட்டிலும் அந்த வேலைக்குப் போன ஒரு பெண் இருந்தாள்.  கொழும்பிலிருந்து வந்தவனுக்கு மட்டும் கண் கலங்கியது.

"உங்க மேல ஒரு தப்பும் இல்ல அக்கா. இது உங்க கைதான். நானே அவங்களுக்குச் சொல்றேன்."

அவள் கேட்க விரும்பிய சொல் வந்துவிட்டது. அப்படியே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் நிரஞ்சன் நல்லது செய்கிற நினைப்பில் இன்னொன்றும் செய்தான். "இனி மட்டும் கொஞ்சம் மத்தவங்க மாதிரி மவுஸை விட்டுப் பழகுங்க. இந்த ஆபீஸ்லயே ரொம்ப இயல்பா வர்றது இதுதான், பாருங்க" என்று ஒரு பதிவைத் திரையில் ஓடவிட்டான். அம்புக்குறி பொத்தானைத் தாண்டிப் போய், நின்று, மெல்லத் திரும்பி வந்தது.

"அது எங்கட பிரேமிளான்ர" என்றார் குகதாசன் பெருமையோடு.

ஜெயரூபி திரும்பிப் பிரேமிளாவைப் பார்க்கவில்லை. திரையையே பார்த்தாள். பதிவு முடிந்து மறுபடி முதலிலிருந்து ஓடியது.

"என்ன அக்கா, இப்படிச் செய்யலாம்தானே?" என்று நிரஞ்சன் கேட்டான்.

"இது எனக்கு வராது" என்றாள் ஜெயரூபி. அடுத்த சொல்லுக்கு அவள் வாய் எடுத்த நேரம், பின்னாலிருந்து குரல் வந்தது.

"சேர், அது என்ர கை இல்லை."

பிரேமிளாதான். சொல்லிவிட்டுக் கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அன்று பின்னேரமே பிரேமிளாவின் கணக்கை நிறுத்திவிட்டார்கள். ஜெயரூபியின் சிவப்பெல்லாம் பச்சையாயிற்று. குகதாசன் மனம் ஆறட்டும் என்று எல்லாருக்கும் சூடான பற்றீஸ் பலகாரம் வாங்கி வைத்தார். ஒன்றும் தொடப்படாமல் ஆறிப்போய்க் கிடந்தது. பிரேமிளா பையை எடுத்துக்கொண்டு இறங்க, ஜெயரூபியும் பின்னால் போனாள். இரண்டு பேரும் பஸ்தரிப்பில் நின்றார்கள்.

"நிரஞ்சன் என்ர பதிவைக் காட்டேக்க நீங்கள் ஏன் அக்கா உடன சொல்லேல்ல?"

"உன்ர வாயால வரட்டும் எண்டு பாத்தனான். வராட்டி நான் சொல்லியிருப்பன். உன்னட்டப் பொய் சொல்ல மாட்டன்."

பிரேமிளா தலையை ஆட்டினாள். அவளுக்கு அதில் கோபமில்லை என்று தெரிந்தது. வவுனியா பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டாள். ஜெயரூபி அங்கேயே நின்றாள். கறை போன சந்தோஷம் வரும் வரும் என்று பார்த்தாள். வரவில்லை.

அடுத்த கிழமை குகதாசன் அவளை மறுபடி அறைக்குக் கூப்பிட்டார். இந்த முறை கதவைச் சாத்தச் சொல்லவில்லை. சோதிக்கும் மென்பொருளை மட்டும் நம்புவதில்லை என்று அந்த நிறுவனம் முடிவெடுத்திருந்தது. அலுவலகத்தில் ஓர் ஆள் எல்லாருடைய கோடுகளையும் பார்த்து, கையா புரோகிராமா என்று சொல்ல வேண்டும். நிரஞ்சன் ஜெயரூபியின் பெயரைச் சொல்லியிருந்தான்.

"நல்ல வேலை, ஜெயரூபி. கதிரையில இருந்துகொண்டு பாத்தாச் சரி."

"கோட்டைப் பாத்துச் சொல்ல மாட்டன் சேர்."

"ஏன்?"

"கோட்டைப் பாத்துத்தானே என்னைக் கள்ளி எண்டது. அவளை நல்லவள் எண்டதும் கோட்டைப் பாத்துத்தான். நான் ஆளுக்குப் பக்கத்தில இருந்து பாக்கிறன். அதெண்டாச் செய்யிறன்."

குகதாசன் யோசித்தார். "சரி, அப்பிடியே செய்யுங்கோ. ஆரில இருந்து தொடங்கப் போறியள்?"

"பிரேமிளாவில இருந்து. அவளைக் கூப்பிடுங்கோ."

"என்ன பிள்ளை விசர்க்கதை கதைக்கிறீங்கள்? அவங்கள் விடுவாங்களோ?"

"என்ர கைதான் எண்டு சொன்ன அந்த நிரஞ்சன் தம்பியிட்டக் கேளுங்கோ. அவளுக்கு நான் பொறுப்பு எண்டு சொல்லுங்கோ. தாயை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோற நாளில அவளுக்கு லீவு குடுங்கோ. நித்திரை கொள்ளாமல் வாறவளிட்ட வேற என்னத்தை எதிர்பாக்கிறியள்?"

 குகதாசன் தொலைபேசியை எடுத்தார். நிரஞ்சனோடு கதைத்து, அவன் மேலிடத்தோடு கதைத்து, அவர்கள் இழுத்தடித்து, ஒரு வழியாக ஒத்துக்கொள்ள மாதம் ஒன்று ஓடிவிட்டது.

பிரேமிளா வந்த அன்று அலுவலகம் முழுவதும் வேலையை விட்டுவிட்டு அவளைப் பார்த்தது. அவள் யாருடைய முகத்தையும் பார்க்காமல் தன் கதிரையில் போய் இருந்தாள். மவுஸில் கையை வைத்தாள்.  அம்புக்குறி பொத்தானைத் தாண்டிப் போய்விட்டது. திரும்பி வந்தது, மறுபடி தவறியது. அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ஜெயரூபி தன் கதிரையை இழுத்து அவளுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். மடியில் கிடந்த அந்தக் கையை எடுத்து, மவுஸின் மேல் திரும்ப வைத்தாள்.

"அவசரப்படாத" என்றாள். "நான் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன்."